நின்றாலும் எரியும் விளக்கு

எங்களோடு வேலை செய்த கால்மெட்டைக் கார் தட்டிவிட்டுப் போன மறுநாள், சூப்பர்வைசர் கிராண்ட் எங்கள் பதினோரு பேரையும் பேக்கிங் கொட்டகை முன் நிறுத்தி, விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியது அவன் தப்புதான் என்றார். சாயங்காலம் கால்மெட்டின் தங்கை லெய்வியா, நெளிந்த சைக்கிளிலிருந்து கம்பெனி கொடுத்த பேட்டரி விளக்கைக் கழற்றி வந்து என் கட்டிலில் போட்டாள். கண்ணாடியில் கீறல்கூட இல்லை. அமுக்கிப் பார்த்தேன், எரியவில்லை.

"இது செத்துப் பத்து நாளாச்சுக்கா. அண்ணன் மூணு தடவ வேற விளக்கு கேட்டுச்சு. கிராண்ட் அடுத்த வாரம், அடுத்த வாரம்னான். இப்ப அண்ணன் மேலயே பழி."

பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவிலிருந்து ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க்குக்குச் சர்க்கரைவள்ளி பிடுங்க வந்தவர்கள் நாங்கள். இங்கே ஜூலை குளிர்காலம்; வேலைக்குப் போக, விடியும் முன்பே கரும்புக்காட்டு நடுவே எட்டு கிலோமீட்டர் மிதிக்க வேண்டும்.

ஊரில் லெய்வியா படகு மோட்டார் பழுது பார்த்தவள். தெருவோரம் எறிந்து கிடந்த பிரிண்டரைப் பிளந்து அதன் மோட்டாரை எடுத்தாள். அதன் தண்டில் ஸ்கேட்டிங் பலகையின் சக்கரத்தை மாட்டி, பின் டயரில் உரசும்படி கட்டினாள். டயர் சுற்றினால் சக்கரம் சுற்றும், மோட்டார் மின்சாரம் தரும். டயோடுகளை ஈயத்தால் பற்றவைத்து முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பும் இணைத்தாள். பற்றவைக்கும்போது கிராண்டைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

மிதித்ததும் பளீரென்று எரிந்தது. பிரேக் போட்டதும் அணைந்தது.

கரும்பு ஏற்றிய ரயில் கடந்து போவதற்காகப் பாதையோரம் நின்றபோதுதான் கார் மோதிக் கால்மெட்டின் கால் நசுங்கியது. "நின்னா அணையிற விளக்கு யாருக்கு வேணும்?" என்று எல்லாவற்றையும் பிய்த்து வீசினாள். பிறகு அவளே பொறுக்கினாள். பழைய கார் ஸ்டீரியோவிலிருந்து பெரிய கெப்பாசிட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து இணைத்தாள். அது சேர்த்துவைத்த மின்சாரத்தில், நின்ற பிறகும் சிவப்பு விளக்கு நான்கு நிமிடம் எரிந்தது.

ஆறு வாரத்தில் எங்கள் எல்லா சைக்கிளிலும் அது ஏறிவிட்டது. கிராண்ட் வந்து வரிசையாகப் படம் எடுத்தார். அடுத்த வாரம் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி அம்மா ஒருவர் வந்தபோது, கிராண்ட் எங்கள் சைக்கிள்களைக் காட்டி, இது கம்பெனியின் பாதுகாப்பு ஏற்பாடு என்றார்.

லெய்வியா சேற்றுக் கையோடு வரப்பிலிருந்து நேராக வந்தாள்.

"இது நான் கட்டினது மேடம். இவரு குடுத்தது எரியல. எரியாததால எங்கண்ணன் கால் போச்சு. எழுதிக்குங்க."

அண்ணனுக்கு அடிபட்டதிலிருந்து அவள் கோபமாக இருக்கிறாள் என்று கிராண்ட் சிரித்தார்.

"ஆமா பாஸ், கோவந்தான். அதையும் எழுதச் சொல்லுங்க."

நானும் முன்னால் போய், கால்மெட் மூன்று தடவை கேட்டது எனக்கும் தெரியும் என்று சொன்னேன். எனக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் சொன்னார்கள். அந்த அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

தப்பு கால்மெட்டுடையது அல்ல என்று இரண்டு மாதம் கழித்து அந்த அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த பருவ வேலைக்கு எடுப்பவர்களின் பட்டியலில், அன்று பேசிய எங்கள் ஆறு பேரின் பெயரும் இல்லை.

கிளம்பும் அன்று கிராண்ட் வண்டி வரை வந்து கை நீட்டினார். லெய்வியா தன் பையைத் தூக்கி உள்ளே போட்டாள். அவர் கை நீட்டியபடியே இருக்க, ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.