உறைக்குள் போன பெயர்

அந்த வழக்கு வந்த நாளிலிருந்து வக்கீலம்மா ஆபீசில் ஒரு கண்டிப்பு. வழக்குப் போட்ட பெண்ணின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. கோர்ட்டுக் காகிதத்தில் அவள் ‘மனுதாரர் க’. ஆபீசில் வெறும் ‘அந்தப் பொண்ணு’. நிஜப் பெயர் ஒரே தாளில், அரக்கு வைத்த உறைக்குள், நீதிபதியிடம் மட்டும்.

அந்தத் தாளை அடித்தது ஆபீஸ் டைப்பிஸ்ட். அடித்ததும் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரிகிற மாதிரி மடித்து நீட்டினாள். வக்கீலம்மா மேலே பார்க்காமலே போட்டார். “பாத்தா வாயில வந்துடும்மா, ஒட்டிடு.” ஒட்டினாள். கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தாள். சரிபார்க்க இன்னொரு ஜோடிக் கண் கிடையாது. ரகசியத்தைக் காப்பாற்றுகிற லட்சணம் அது!

மறுநாளே சந்தேகம் வந்து பிடித்துக்கொண்டது. நான் எந்தப் பெயரை அடித்தேன்?

அந்தத் தாளுக்குச் சற்று முன்புதான் அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தை அடித்திருந்தாள். அந்தப் பெண் வேலை பார்த்த கிளினிக்கின் டாக்டர், எக்ஸ்ரே ரூம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, “உன் நல்லதுக்குத்தான்” என்றாராம். அந்த வரியில் டைப்பிஸ்டுக்கு விரல் சில்லிட்டுப்போனது. போகாதா பின்னே? அதே டாக்டர், அதே ரூம், அதே பேச்சு. பதினோரு வருஷத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், அங்கேதான் அவளுக்கு முதல் வேலை. கட்டின புருஷனிடம்கூட மூச்சு விட்டதில்லை.

அதன்பின் பாத்திரம் தேய்க்கும்போது நுரைக்குள் விரல்கள் தானாகத் தட்டும். எந்தப் பெயரைத் தட்டுகின்றன என்று உற்றுப் பார்ப்பாள். பிடிபடாது. “என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?” என்பான் புருஷன். “தலைவலி” என்பாள். வக்கீலம்மாவிடம் சொல்லியிருக்கலாம். திட்டு வாங்குவதில் பயமில்லை. உன் பெயர் ஏன் வந்தது என்று கேட்டுவிட்டால்?

விசாரணையில் டாக்டரின் வக்கீல் எகிறினார். “என் கட்சிக்காரர் பேரு ஊரெல்லாம் நாறுது. குத்தம் சொன்னவங்க மட்டும் ஒளிஞ்சுக்கலாமா? அப்படி ஒரு ஆள் இருக்காங்களான்னாவது பாருங்க.” கேட்டால் நியாயம் மாதிரியே இருக்கும், எரிச்சலும் பற்றிக்கொண்டு வரும். நீதிபதி டாக்டர், அந்தப் பெண் உட்பட எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். உறையில் உள்ள பெயரும் அந்தப் பெண்ணின் அடையாள அட்டையும் ஒத்துப்போகாவிட்டால் மனு தள்ளுபடி என்றார்.

கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு டைப்பிஸ்டும் போனாள்.

நீதிபதி உறையைக் கிழித்தார். தாளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

“இது யாரோட பேரு?”

டாக்டரின் வக்கீலுக்கு வாயெல்லாம் பல். அந்தப் பெண் டைப்பிஸ்டின் கையைப் பிடித்தாள். “அக்கா, என்னக்கா இது? என் கேஸு போயிடுமா?”

பாவம், அவளுக்கு இருந்ததே இந்த ஒரு கேஸ்தான்.

“என் பேருங்கய்யா,” என்றாள் டைப்பிஸ்ட், தாளை எட்டிப் பார்த்துவிட்டு. “இந்தப் பொண்ணு மேல தப்பில்ல. அடிச்சது நான்.”

“உங்க பேரு எப்படிம்மா வரும்?”

“நானும் அங்க வேலை பாத்தேன். அதே ரூமு. எனக்கும் நடந்துச்சு.”

சொல்லிவிட்டாள். பதினோரு வருஷமாக அந்த ஆளின் பெயர்ப்பலகை இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு போனவள், இப்போது நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மிரட்டுவார், கத்துவார் என்று நினைத்தாள்.

அவரோ தன் வக்கீல் பக்கம் சாய்ந்து கேட்டார். “யாருங்க இந்தம்மா?”

நடிப்பே இல்லை. நிஜமாகவே தெரியவில்லை. அடப்பாவி! இவள் ராத்திரி பகலாகப் பயந்து செத்தாளே, அந்த ஆளுக்கு இவள் முகம்கூட நினைவில்லை.

நீதிபதி மெதுவாகச் சொன்னார். “நீங்களும் பேரை மறைச்சுச் சொல்லலாம்மா. கட்டாயம் இல்ல.”

அவள் டாக்டர் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

“வேண்டாங்கய்யா. அவருக்கு ஞாபகம் இருக்கணும். முழுப் பேரையும் எழுதிக்கோங்க.”