பூட்டிய அறையின் உயரம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையில் வரும் தவறுக்கு நானும் உடந்தை.

என் அக்கா மகள் கட்டடக்கலை படிக்கிறாள், நான்காம் ஆண்டு. இப்போது ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் ஆறு மாதப் பயிற்சி, சம்பளத்தோடு. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மத்தியானம் என்னை அழைத்தாள். நான் எழுதிக்கொண்டிருந்தேன்; அதாவது, எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

"சித்தி, ஒண்ணு கேக்கணும். எழுதும்போது தெரியாத எடம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

வீட்டில் யாரும் என்னிடம் தொழிலைப் பற்றிக் கேட்பதில்லை. உச்சி குளிர்ந்துபோய்விட்டது.

"பக்கத்துல தெரிஞ்சது எதுவோ அத வச்சு நிரப்பிடுவேன். உறுதியா எழுதிட்டா யாருக்கும் தெரியாது."

"சரி சித்தி" என்று வைத்துவிட்டாள். எங்கிருந்து பேசுகிறாள் என்று நான் கேட்கவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "பழைய வீட்டின் கதவுகள் அவளைப் பார்த்துப் பெருமூச்சு—" வேண்டாம். கதவு பெருமூச்சு விடாது.

இரண்டாம் முயற்சி. அலுவலகத்தில் அவளுக்கு 'டேப்பு' என்று பெயர். அளக்கும் டேப்பை இடுப்பில் மாட்டிக்கொண்டே சாப்பிடப் போவாள். [வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.] ஒரு பழைய வீட்டைக் கண் மருத்துவமனையாக மாற்றுகிறார்கள். வீட்டை அறை அறையாக அளந்து குறித்து வருவது அவள் வேலை. பதினான்கு அறைகளை அளந்துவிட்டாள். கடைசி அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த காவலாளி எங்கேயோ போயிருந்தார். மாடிக்குப் போகும் இரும்புப் படிக்கட்டு அந்த அறையில்தான் வரவேண்டும்.

முந்தைய வாரம் வேறொரு வீட்டில் ஒரு ஜன்னலை அளக்க மறந்து திரும்பியிருந்தாள். அலுவலகத்தை நடத்தும் மேடம் திட்டவில்லை. "போய் அளந்துட்டு வாம்மா" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். மறுபடியும் அதே முகத்தின் முன்னால் போய் நிற்க அவளால் முடியவில்லை.

அந்தப் பூட்டிய கதவின் முன்னால் நின்றுதான் எனக்கு போன் செய்திருக்கிறாள். பிறகு பக்கத்து அறையின் உயரத்தையே இந்த அறைக்கும் எழுதினாள். 3120, மில்லிமீட்டரில். கையெழுத்து முத்து முத்தாக இருந்ததாம்.

* அளக்காத அளவுக்கு அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணுக்கான இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, உள்ளே 'அளக்கவில்லை' என்று எழுதிவிட வேண்டும். யாரும் தலையை வாங்கிவிடமாட்டார்கள். இது அவளுக்கும் தெரியும்.

3

மேடத்தை ஈவிரக்கமில்லாதவராக எழுதிப் பார்த்தேன். கதை கடகடவென்று ஓடியது. அதனாலேயே சந்தேகம் வந்து அடித்துவிட்டேன். வேலையில் சேர்ந்த முதல் நாள் அவர் இவளிடம் சொன்னது இது: "சம்பளம் இல்லாம சும்மா வேலை பாக்கறேன்னு வர்றவங்கள நான் சேத்துக்கறதில்ல. சம்பளம் வாங்கினா நீ போடற கோடு உன் கோடு. அதுமேல யாரோ ஏறி நடக்கப் போறாங்க."

அன்றைக்கு இதை என்னிடம் அவ்வளவு பெருமையாகச் சொன்னாள். முதல் சம்பளம் வந்தபோது என் அக்கா தெருவில் ஒருவரையும் விடாமல் நிறுத்திச் சொன்னாள்.

4

இன்று காலை மறுபடியும் அழைத்தாள்.

"சித்தி, இன்னைக்கு மத்தியானம் பட்டறைல அந்தப் படிக்கட்டுக்கு இரும்பு வெட்டப் போறாங்க. எங்க ஆபீஸ் அளவுன்னா அவங்க திருப்பி அளக்க மாட்டாங்க. அந்த அறையோட தரை மட்டும் தாழ்வா இருந்துச்சுன்னா?"

"இருக்காதும்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவளே மேலே சொன்னாள்.

"கீழ்ப்படி மட்டும் உசரமா வந்துடும். கண்ணுல கட்டு போட்டவங்க படியப் பாத்து எறங்க மாட்டாங்க சித்தி. காலுதான் எண்ணும்."

"நீயே போய் அளந்துடேன்."

"சாவி இப்ப மேடம் மேஜைல இருக்கு. கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. சொன்னா நாளைலேருந்து வர வேணாம்னுடுவாங்க. அம்மாகிட்ட என்னன்னு சொல்வேன்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். யோசிக்கவில்லை. இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

5

முடிவு ஒன்று: அறையின் உயரம் சரியாக 3120. தப்பித்தாள். [எழுத இதமாக இருந்தது. ஆனால் அடுத்த வீட்டிலும் நிரப்பிவிடுவாளே.]

முடிவு இரண்டு: ஒரு பெரியவர் கண்ணில் கட்டோடு, கம்பியைப் பிடித்தபடி, பதினேழு, பதினெட்டு என்று— இதற்கு மேல் கை வரவில்லை.

முடிவு மூன்று: அவள் சொல்லிவிடுகிறாள். மேடம் எழுந்து வந்து அவள் தோளில்— இதுவும் நான் நிரப்பியதுதான். மேடத்தை நான் பார்த்ததுகூட இல்லை. எனக்குத் தெரிந்த நல்லவர் யாரையோ வைத்து எழுதுகிறேன்.

6

பேனாவை வைத்துவிட்டு அழைத்தேன்.

"மேடம் ரூம் வாசல்லதான் நிக்கறேன் சித்தி."

"அன்னைக்கு நான் சொன்னது தப்புடி. என் கதைல யாரும் நெசமா விழுந்து அடிபடறதில்ல. அதனால தப்பிச்சுக்கிட்டு வர்றேன்."

"வேலை போயிடுச்சுன்னா?"

"போகாதுன்னு சொல்ல ஆசையாத்தான் இருக்கு. ஆனா எனக்குத் தெரியாது."

தெரியாது என்று நான் அவளிடம் சொன்னது அதுவே முதல் தடவை. பிறகு கதவைத் தட்டும் சத்தம். "உள்ள வாம்மா" என்றது ஒரு குரல். தொடர்பு அறுந்தது.

சாவியைக் கேட்டாளா, வேறு எதையோ கேட்டுவிட்டு வந்துவிட்டாளா? இந்த வரி வரைக்கும் அவள் அழைக்கவில்லை. மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. இந்த இடத்தில் ஒரு நல்ல பத்தி எழுத எனக்குத் தெரியும். உறுதியாக எழுதினால் நீங்களும் நம்பிவிடுவீர்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள். அதனால் மேஜையில் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தேன். உள்ளே நடந்தது இது:

( அளக்கவில்லை )