விஜயாவின் தலைக்கு மேல் நின்ற மரம்

ஐம்பத்தேழில், மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்கு நான்கு நாள் முன்பு, காஜா பெராங் வட்டாரத்தில் வெட்டிய அங்சானா மரம் தரையில் விழவில்லை. வெட்டியவனின் மனைவி விஜயாவின் தலைக்கு ஒரு சாண் மேலே, படுத்த வாக்கில் நின்றுவிட்டது.

வெட்டிய பொன்னுதுரை அசட்டையான ஆள் அல்ல. நகரசபைக்குச் சங்கிலி ரம்பம் வந்தபோது மற்றவர்கள் தொடவே பயந்தார்கள், அவன்தான் பழகிக்கொண்டான். இரண்டு கையாலும் பிடிப்பான், தோளுக்கு மேல் தூக்கமாட்டான், நுனியால் அறுக்கமாட்டான். மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு யாரையும் அண்டவிடமாட்டான். ரம்பத்தின் இரைச்சலில் அறுக்கிறவனுக்கு எதுவும் கேட்காது என்பதால் சிவப்புக் கொடியோடு கலியாணசுந்தரத்தைக் காவலுக்கு நிறுத்துவான். அன்று கலியாணசுந்தரம் தெருமுனையில் தோரணம் கட்டுவதை வேடிக்கை பார்க்கப் போய்விட்டான். விஜயா சோற்றுத் தூக்கோடு வந்தாள். மரம் சாயும்போதுதான் பொன்னுதுரை அவளைப் பார்த்தான். கத்தினான், தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

அவள் விலகினாள், மரமும் விலகியது. நடந்தால் கூடவே வந்தது, உட்கார்ந்தால் தாழ்ந்தது. வீட்டுக்குள் நுழையப் பார்த்தாள், கூரையில் பாதி போயிற்று. அதன்பின் வீட்டுக்குப் பின்னாலிருந்த திடலிலேயே தங்கிவிட்டாள்.

"அறுத்து எடுத்துடுங்களேன்" என்று கெஞ்சினாள்.

"கீழ ஆள வச்சிக்கிட்டு எப்படி ரம்பத்த வைக்கிறது விஜயா? ஒரு கிளை போனாலும் பாரம் மாறிடும்."

அன்றே ரம்பத்தை நகரசபையில் ஒப்படைத்தவன், பிறகு அதைத் தொடவில்லை. மரம் அறுபதடி இருந்தது. அவளைச் சுற்றி நூற்றிருபதடி அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டான். பன்னிரண்டு வயது மகள் பாக்கியலட்சுமி அதைத் தாண்டி ஓடியபோது, வாழ்நாளில் முதல் தடவையாக அவளை அடித்தான். சோற்றை மட்டும் தானே கொண்டுபோய் வைத்துவிட்டு, நிற்காமல் திரும்பினான். தனக்கும் ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயம்.

மரம் பட்டுப்போகவில்லை. வருடத்துக்கொரு தடவை மஞ்சளாகப் பூத்து அவள் தலையெல்லாம் கொட்டியது. தாயும் மகளும் கூவித்தான் பேசிக்கொண்டார்கள். பாக்கியம் பெரியவளானதையும் கூவித்தான் சொல்லவேண்டியிருந்தது. தெரு முழுக்கக் கேட்டது. வெட்கத்தில் அவள் ஒரு வருடம் அம்மாவோடு பேசவில்லை. அந்த வருடம் விஜயாவின் முடி நரைத்தது. கலியாணசுந்தரம் யார் முகத்திலும் விழிக்க முடியாமல் புக்கிட் ரம்பாய்க்குக் குடிபோனான்.

அறுபத்தைந்தில், குருபோங் ஊர் மாப்பிள்ளையோடு பாக்கியத்துக்குக் கல்யாணம் நடந்தது. கழுத்தில் மாலையோடு கோட்டருகே வந்து நின்றாள்.

"அம்மா, ஒரே ஒரு தடவ வரவா?"

"வேணாம்மா. அங்கேயே நில்லு. நல்லாத்தான் தெரியுது."

விஜயா ஆசீர்வாதமாக ஒரு கை அட்சதையை வீசினாள். அது பத்தடி தூரம்கூடப் போகவில்லை. மைனாக்கள் வந்து பொறுக்கின. பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கிருந்தே விழுந்து கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார்கள்.

கார் மறைந்ததும் பொன்னுதுரை கோட்டைத் தாண்டி மெல்ல நடந்துபோய் மனைவி பக்கத்தில் நின்றான்.

"போயிடுங்க" என்றாள்.

"இனிமே யாருக்காகப் போறது?"

மரம் ஒரு விரற்கடையும் இறங்கவில்லை. மறுவருடம் அளக்க வந்த நகரசபை ஆட்கள், திடலில் ஒரு மரம், கீழே இருவர் என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு, புதுச் சாலையைச் சற்று வளைத்துப் போட்டார்கள்.