மாமனாரின் முக்கால் சுற்று

துப்பாக்கி ரிப்பேர் செய்கிற தன் கடைக்கு அந்தப் பழைய துப்பாக்கி மூன்றாவது முறையாக வந்தபோது மாப்பிள்ளைக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதைக் கொண்டுவந்தவரைப் பார்க்க இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் கொண்டுவந்தவர் மாமனார். வாடிக்கையாளரிடம் காட்டுகிற எரிச்சலைப் பெண் கொடுத்தவரிடம் காட்ட முடியுமா? "வாங்க மாமா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

எண்பது வயதான பட்டாளத்துத் துப்பாக்கி அது. மாமனாரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தது. அதன் வியாதி இதுதான். பின்பக்கம் கைப்பிடியோடு இருக்கிற தண்டை, அதாவது போல்ட்டை, முன்னால் தள்ளி மடக்கினால், உள்ளே தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கிற அடியூசி ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டு, விசையை இழுக்கும்வரை காத்திருக்க வேண்டும். இது காத்திருக்காது. யாரும் விசையைத் தொடாமலே டொக்கென்று விழுந்துவிடும். உள்ளே தோட்டா இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சுடும் கழகத்துப் பரிசோதகர் வாயாலும் சொல்லி, எழுத்திலும் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைசிப் பரிசோதனை. அதிலும் ஊசி விழுந்தால் குழலைத் துளைபோட்டு அடைத்து, சுவரில் மாட்டுகிற சாமானாக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

ஓய்வு பெற்றதிலிருந்து மாமனார் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு போகிற ஒரே இடம் அந்தக் கழகம்தான். மாதம் ஒருமுறை பழைய துப்பாக்கிகளுக்கான போட்டி நடக்கும். அவர் சுட்டது எங்கே போய்ப் படும் என்பது வேறு கதை. இரண்டு தடவை பக்கத்து ஆளின் அட்டையில் பட்டு அந்த ஆளுக்குப் பரிசு வாங்கிக் கொடுத்திருக்கிறது. இருந்தாலும் போட்டி நாளன்று மனிதர் பத்து வயது குறைந்துதான் வீடு திரும்புவார். இந்த வயதில் இன்னொரு துப்பாக்கிக்கு உரிமம் தரமாட்டார்கள். இது போனால் அவர் வீட்டோடு. முழுநேரமும் வீட்டோடு என்றால் என்ன அர்த்தம் என்று மாமியார் மகளிடம் ஃபோனில் சொல்லி அழுதிருக்கிறார். அழுகை மகள் வழியாக மாப்பிள்ளையிடம் வந்து சேர்ந்திருந்தது.

முதல் தடவை வந்தபோது விசையின் சுருள்வில்லை மாற்றினான். இரண்டாம் தடவை, உறைந்து பிசினாகிப்போன பழைய எண்ணெயை எல்லாம் சுரண்டிக் கழுவினான். கொக்கியின் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். தேய்மானம் எதுவும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருநூறு தடவை போல்ட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒருமுறைகூட விழவில்லை. மாமனார் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலமே ஃபோன் வந்தது, விழுந்துவிட்டது என்று.

கடையில் பசுவாக நிற்பது அவர் வீட்டுக்குப் போனதும் எகிறுகிறதென்றால் கோளாறு துப்பாக்கியில் இல்லை, வழியில் எங்கேயோ இருக்கிறது. இதை யோசிக்க அவனுக்கு இரண்டு தடவை பிடித்தது. மூன்றாம் தடவை கழற்றிச் சுத்தம் செய்து பூட்டி, சோதித்து, வியாழக்கிழமை மாமனாரோடு துப்பாக்கியையும் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனான்.

மாமியார் காபி கொண்டுவந்து வைத்தார். மாமனார் பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் திறந்து துப்பாக்கியை எடுத்துக் கவிழ்த்தார். சட்டைப் பையிலிருந்து மரப்பிடி போட்ட திருப்புளி வெளியே வந்தது. மாப்பிள்ளை காபியைக் குடிக்காமல் பார்த்தான்.

அந்தத் திருப்புளியின் பெருமையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மாமனார் ரயில் பெட்டிப் பணிமனையில் முப்பத்து நான்கு வருஷம் நட்டு முடுக்கியவர். எவன் முடுக்கியிருந்தாலும் தன் கையால் இன்னும் ஒரு இழுப்பு கொடுக்காமல் பெட்டியை வெளியே அனுப்பமாட்டார். பழக்கம் வீட்டுக்கும் வந்தது. அந்த வீட்டில் குழாயைத் திறக்க இரண்டு கை வேண்டும். சர்க்கரை டப்பாவைத் திறக்கப் பக்கத்து வீட்டுக்காரர் வரவேண்டும். மாமியாரின் மூக்குக்கண்ணாடிக் காது ஆடுகிறதே என்று முடுக்கியதில் காது கையோடு வந்துவிட்டது.

விசையைச் சுற்றியிருக்கும் வளையத் தகட்டை முன்பக்கம் பிடித்திருக்கும் ஸ்க்ரூவில் மாமனார் திருப்புளியை வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு முக்கால் சுற்று சுற்றினார். மரம் முனகியது. பிறகு போல்ட்டைத் தள்ளி மடக்கினார். டொக்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை" என்றார் வருத்தத்தோடு.

மாப்பிள்ளை பார்த்துவிட்டான். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் விசை கீழே உள்ள வளையத் தகட்டிலிருந்து தொங்குகிறது. கொக்கி மேலே இரும்பில் இருக்கிறது. நடுவில் இருப்பது மரம். ஸ்க்ரூவை மிஞ்சி இறுக்கினால் மரம் நசுங்கும், தகடு மேலே ஏறும், விசையும் கூடவே ஏறிக் கொக்கியைத் தள்ளிக்கொண்டே நிற்கும். அப்புறம் அடியூசி நகக்கண் அளவில்தான் பிடித்துக்கொண்டிருக்கும், போல்ட்டை மடக்குகிற அதிர்ச்சியிலேயே விழுந்துவிடும். மூன்று தடவை தலையைப் பிய்த்துக்கொண்டதெல்லாம் இந்த ஒரு ஸ்க்ரூவுக்காகத்தான்.

"மாமா, ஒவ்வொரு தடவையும் இத முடுக்கினீங்களா?"

"முடுக்காம? நீங்க குடுக்கும்போதெல்லாம் முக்கால் சுத்து பாக்கி இருந்துச்சு. சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு நானே முடுக்கிக்கிட்டேன்."

அவன் அந்த ஸ்க்ரூவைக் கழற்றினான். கழற்றுவதற்குள் தோள்பட்டை வலித்தது. மரத்துக்குள் இருக்கும் ஓட்டையில் விரலைவிட்டான். இவ்வளவுக்குமேல் இறுகாதபடி தடுக்க அங்கே ஒரு குட்டி இரும்புக் குழாய், பட்டறைக்காரர்கள் பாஷையில் ஒரு புஷ், இருக்க வேண்டும். மூன்று முறை கழற்றியும் அது இல்லாததைக் கவனிக்காத தன் கண்ணை நொந்துகொண்டு, உள்ளே ஒரு புஷ் இருந்திருக்குமே என்று கேட்டான்.

"அதுவா? யாரோ சோம்பேறிப் பய உள்ள விட்டுட்டுப் போயிருந்தான். ஸ்க்ரூவ முழுசா போகவிடாம தடுத்துச்சு. போன வருஷமே எடுத்துத் தூக்கிப் போட்டுட்டேன்."

இதைச் சொல்லும்போது மாமனார் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்தால் குறை சொல்ல வந்த எவனும் வாயை மூடிக்கொள்வான். ஆனால் இடையில் வெள்ளிக்கிழமை ஒன்றுதான் இருந்தது. அந்த முக்கால் சுற்றுதான் விசையைக் கெடுக்கிறது என்று மாப்பிள்ளை மெல்லச் சொன்னான். காரணத்தை ஒரு காகிதத்தில் படமாகவும் போட்டுக் காட்டினான். மாமனார் படத்தைப் பார்க்கவில்லை. தான் முடுக்கியது ஒன்றுகூடக் கழன்றதில்லை என்று சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கழன்றதில்லைதான், யாராலும் கழற்றவும் முடிந்ததில்லை என்றார் மாமியார், சர்க்கரை டப்பாவை அவன் பக்கம் நகர்த்தி.

வெள்ளிக்கிழமை லேத்தில் புஷ் கடைந்தான். முதலாவது உயரம் கூடித் தகடு ஆடியது. இரண்டாவதை ராவ, ஒரு காகிதக் கனம் குறைந்துவிட்டது. மூன்றாவதுதான் உட்கார்ந்தது. மறுபடி இருநூறு தடவை தள்ளினான். மதியம் கொண்டுபோய்க் கொடுத்தபோது மாமனார் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். புஷ் இருக்கும்வரை ஸ்க்ரூ மிஞ்சி இறுகாது. ஆனால் புஷ்ஷைக் கழற்றத் தெரிந்த கை அது.

சனிக்கிழமை கழகத்தின் வரவேற்பறையில் மாமனார் அவனுக்கு இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்தார். பெட்டியைத் தொடவில்லை. தொடாமல் இருக்கப் பட்ட பாட்டில், கூப்பிடுவதற்குள் ஐந்து நாற்காலிகளுக்கும் கதவுக் கைப்பிடிக்கும் நோட்டீஸ் பலகைக்கும் முடுக்கு விழுந்துவிட்டது.

பரிசோதகர் வெட்டொன்று துண்டிரண்டு ஆசாமி. காலித் துப்பாக்கியின் போல்ட்டை ஓங்கித் தள்ளினார், ஊசி நின்றது. அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் குத்தினார், நின்றது. பத்து தடவை தள்ளி, பத்து தடவை குத்தினார். மாப்பிள்ளை எண்ணிக்கொண்டிருந்தான். இருபது தடவையும் நின்றது. விசையை இழுத்தபோது மட்டும் விழுந்தது. அவனுக்குப் போன உயிர் திரும்பியது.

பரிசோதகர் முத்திரையை எடுக்கப் போனவர், துப்பாக்கியைக் கவிழ்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று தன் திருப்புளியை அந்த முன் ஸ்க்ரூவில் வைத்தார்.

மாமனாரின் கை மேஜைக்கு மேலே நீண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தது. முப்பத்து நான்கு வருஷத்துப் பிடி. பரிசோதகரால் அசைக்க முடியவில்லை.

"விடுங்க சார், போதும்" என்றார் மாமனார். "அது என் மாப்பிள்ளை முடுக்கினது."