நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு

கோட்டோரம் ஒட்டியிருந்த டேப்பின் நுனியை நகத்தால் நெம்பியெடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னோக்கி இழுத்தாள் அவள். பெயிண்ட் முழுக்கக் காய்ந்தபின் இழுத்தால் சேர்ந்து உரிந்து வரும்; ஈரத்தில் இழுத்தால் விளிம்பு கசியும். விரலில் லேசாக ஒட்டுகிற பதத்தில் இழுக்க வேண்டும். படகின் அடியில் கருப்பு, மேலே வெள்ளை, நடுவே உள்ளங்கை அகலத்தில் சிவப்புக் கோடு. முன்முனையிலிருந்து பின்புறம் வரை பிசிறில்லாமல் வந்தது.

"இதெல்லாம் எதுக்குன்னு அப்பவே கேட்டேன்," என்றான் கணவன். "எறக்கினதும் படகு சாஞ்சா, ஊருக்கே பளிச்சுன்னு தெரியும்."

"தெரியட்டும்ங்க. சாஞ்சா சரிபண்ணிக்கலாம்."

போன தடவை சாய்ந்தது. ஆற்றில் ஆள் ஏற்றிப்போகக் கணவனும் அவள் தம்பியும் சேர்ந்து வாங்கிய பழைய படகு அது. தம்பி தச்சன், உள்பலகைகளை மாற்றினான். கணவன் மெக்கானிக், இன்ஜினை ஏற்றினான். தண்ணீரில் விட்டதும் கோபித்துக்கொண்டதுபோல் ஒரு பக்கமாகத் தோளை இறக்கி நின்றது. பலகை கனம் என்றான் கணவன். இன்ஜினை ஓரமாக வைத்துவிட்டார் என்றான் தம்பி. படகைக் கரையேற்றினார்கள், அத்தோடு பேச்சு நின்றது. ஒரே கொட்டகையில்தான் வேலை. ஆனாலும், தம்பி பக்கத்தில் நிற்கும்போதே, "சுத்தியல் உன் தம்பிகிட்ட இருக்கான்னு கேளு" என்பான் கணவன். இரண்டு பேருக்கும் தபால்காரியாக இருந்து அவளுக்கு அலுத்துப்போயிற்று.

அழகாக இருக்கும் என்று சொல்லித்தான் கோடு போட ஆரம்பித்தாள். எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று கோடே காட்டிவிடும், யாரும் வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது என்பதை மனதோடு வைத்துக்கொண்டாள். மட்டம் குறிக்க, தண்ணீர் நிரப்பிய டியூபின் ஒரு முனையைத் தம்பியும் மறுமுனையைக் கணவனும் பிடித்தார்கள். ஒருவரையொருவர் பாராமல் டியூபுக்குள் தண்ணீரையே பார்த்து நின்றார்கள். பென்சிலோடு குனிந்தபோதுதான் அவள் கவனித்தாள்: கணவன் யாரிடமும் சொல்லாமல் இன்ஜினை நடுவுக்கு நகர்த்தியிருந்தான். தம்பியும் அதேபோல் கனமான பலகைகளைக் கழற்றி மெல்லியவற்றைப் பொருத்தியிருந்தான். அவள் ஒன்றும் காணாததுபோல் மட்டத்தைக் குறித்தாள்.

பெயிண்ட் காய்ந்தபின் ஒரு காலையில், உருளைக்கட்டைகள்மேல் தள்ளிப் படகை ஆற்றில் இறக்கினார்கள். ஆண்கள் இருவரும் தாவி ஏறிக்கொண்டார்கள். படகு ஆடியது. ஆடி ஆடி நின்றது. அவள் கரையில் குந்தி, கன்னத்தைத் தண்ணீர்மட்டத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள். சிவப்புக்குக் கீழே ஒரு விரற்கடை கருப்பு தெரிந்தது. பின்னால் கொஞ்சம் குறைவு, ஆனால் முழுகவில்லை.

"அந்தப் பக்கம்?" என்று கத்தினாள்.

கணவன் மறுபக்கம் குனிந்து எட்டிப் பார்த்தான்.

"மாப்ள," என்று கூப்பிட்டான் அவன். "இங்க வந்து பாரேன்."

தம்பி ஒரு கணம் அசையாமல் நின்றான். பிறகு, "என்ன மாமா, சாயுதா?" என்றபடி போனான்.

"சாயுதாவா? நூல் பிடிச்ச மாதிரி நிக்குதுடா!"

அவள் அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் நெஞ்சில் இவ்வளவு மூச்சைத் தேக்கி வைத்திருந்தோமா என்றிருந்தது.

மாமனும் மச்சானும் அந்தப் பக்க விளிம்பில் கவிழ்ந்து, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுக் கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். படகு அவர்கள் பக்கம் சாய்ந்தது.

"ஒரே பக்கம் நிக்காதீங்க ரெண்டு பேரும்!"

அவர்கள் காதில் விழவில்லை. அவள் பக்கத்தில் சிவப்புக் கோடு சொட்டச் சொட்ட மேலே எழும்பி, அதற்குக் கீழே புதுக்கருப்பு வெயிலில் மின்னியது.