நாற்பத்து மூன்று நாவல்களுக்கும் காய்ச்சல்

எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அக்கா காதல் நாவல் படித்தால் புத்தகம் சூடாகும். அந்தச் சூட்டில்தான் ஒன்பது வருடம் ஊர்த்துணிக்கெல்லாம் மடிப்பு விழுந்தது. அக்கா கரி வாங்கியதில்லை. கடையின் மின்சாரக் கட்டணம் ஒற்றை விளக்குக்கு மட்டும்தான் வரும். எல்லாப் புத்தகமும் இதற்கு ஆகாது. முடிவெட்டுகிறவர் கடையில் கிடந்த வேகவேகமான காதல் கதைகளை ஒருமுறை வாங்கிப் படித்துப் பார்த்தார். அவை முதல் அத்தியாயத்திலேயே குப்பென்று காய்ந்து ஒரு காலரைக் கருக்கிவிட்டு, ஐந்தாம் அத்தியாயத்துக்குள் ஆறிப்போயின. அக்காவுக்குச் சரிப்பட்டவை கிறிஸ்தவக் காதல் நாவல்கள்தாம். அவற்றில் கதாநாயகன் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் மூன்று பக்கம் ஜெபம் பண்ணுவான். கையைப் பிடிக்கிற பேச்சே கடைசி அத்தியாயத்தில்தான். அதனால் சூடு நின்று நிதானமாக ஏறும். இருவரும் முதன்முதல் பார்த்துக்கொள்ளும் பக்கத்தில் கைக்குட்டை போடலாம். அவள் நோயாளிகளுக்குக் கட்டுப்போடுவதை அவன் சன்னல் வழியாகப் பார்க்கும் இடத்தில் சட்டை. தப்பாகப் புரிந்துகொண்டு பிரிந்து, ஆளுக்கொரு ஊரில் முழங்காலில் நின்று ஜெபிக்கும்போது ஆலயத்தின் கெட்டித் திரைச்சீலையையே போட்டு எடுக்கலாம். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அவர்கள் சட்டை கசங்கியே இருக்கட்டும், எங்களுக்கென்ன?

அந்த நாவல்கள் ஊருக்கு வந்தது ஒரு நர்ஸம்மாவால். வேலையில் ஓய்வு பெற்று மகளோடு இருக்கக் கிளம்பியவர், இரண்டு பெட்டி நிறைய நாற்பத்து மூன்று புத்தகங்களை ஆலய நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நூலகம் என்பது ஆலயத்தின் பின்னறையில் இருந்த ஓர் அலமாரி. அதுவரை அதில் பிரசங்கத் தொகுதிகளும் கரப்பான்பூச்சிகளும் மட்டுமே இருந்தன. மற்றவர்கள் ஒன்றிரண்டு எடுத்தார்கள், மறந்தார்கள். அக்கா மட்டும் வாரம் ஒன்றாக எடுத்து, நாற்பத்து மூன்றும் முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். பத்துப் பக்கம் வாய்க்குள்ளேயே படிப்பார், புத்தகத்தை மூடி அட்டையால் ஆறு சட்டை தேய்ப்பார், ஆறியதும் அடுத்த பத்துப் பக்கம். எத்தனையாவது தடவை படித்தாலும் சூட்டில் ஒரு குறையும் இல்லை. நாற்பது வயதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவர் என்பதால், கதையிலேயே காலத்தை ஓட்டுகிறாள் என்று சிலர் ஜாடை பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அக்கா ஒருநாள் நேராகவே திருப்பிக் கொடுத்தார். “எனக்குக் கல்யாணம் ஆகலைன்னு யாரு சொன்னது? நாப்பத்தி மூணு தடவை ஆயிருக்கு. ஒரு மாப்பிள்ளைகூட இதுவரைக்கும் என்கிட்ட கத்தினது கிடையாது.” அதோடு தெருவில் அந்தப் பேச்சு அடங்கியது.

வினை ஒரு சனிக்கிழமை வந்தது. வாசகர்கள் எல்லாரும் செய்யும் தப்பைத்தான் அக்காவும் செய்தார். படித்த பக்கம் தவறிவிடக் கூடாதென்று, புத்தகத்தை மூடாமல் திறந்தபடியே கவிழ்த்து, அப்படியே தேய்த்துவிட்டார். அந்த வெள்ளைச் சட்டை சபைச் செயலாளருடையது. செயலாளர் மருந்துக்கடைக்காரர், ஒரு மில்லிகூடக் கூட்டிக் குறைத்து ஊற்றாதவர். சிரிப்பதையும் அதே அளவுக் குவளையில்தான் ஊற்றுவார். மறுநாள் ஆராதனையில் அவர் சபைக்கு முதுகு காட்டி நின்று ஜெபம் ஏறெடுத்தபோது, தோள்பட்டையின் குறுக்கே ஒரு வரி அச்சாகியிருப்பதை ஆலயம் முழுக்கப் பார்த்தது. எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்ததால் ஒருவருக்கும் படிக்க வரவில்லை. பாடகர் குழுவில் ஒரு பெண் கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, அது கைமாறிக் கைமாறிப் போவதற்குள், மூன்றாம் வரிசையில் இருந்த ஒருவர் அந்த வரியை ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டார். செயலாளரின் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் அவர் அச்சகத்தில் அச்சுக் கோர்த்தவர். ஈய எழுத்தைத் திருப்பிப் போட்டுப் படிப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணவனின் முதுகில் எழுதியிருந்தது இதுதான்: ‘உன்னைப் பார்த்த நாள்முதல் என் ஜெபத்தில் இன்னொரு பெயரும் இருக்கிறது.’ அந்த அம்மா அழுதார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதரிடமிருந்து வந்த முதல் காதல் வார்த்தை அது. அதுவும் அவருக்கே தெரியாமல் முதுகு வழியாக வந்திருந்தது.

விஷயம் தெரிந்ததும் செயலாளர் கொதித்துப் போனார். ஒன்பது வருடமாக ஊருக்கே தெரிந்திருந்த சங்கதி அன்றுதான் கமிட்டிக்குத் தெரியவந்ததாகப் பதிவானது. கமிட்டி என்றால் போதகரும் செயலாளரும் இன்னும் மூன்று பேரும். அந்த நாவல்களைப் படித்துப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்ல ஐந்து பேருக்கும் துணிச்சல் இல்லை. படித்து, ஒருவேளை பிடித்துப்போனால் என்ன செய்வது? அதனால் அக்காவையே வரவழைத்து ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் படிக்கச் சொன்னார்கள். செயலாளர் கடையிலிருந்து கொண்டுவந்த தெர்மாமீட்டரைத் தாள்களுக்கு நடுவில் செருகிப் பார்த்தார். முப்பது வருடம் மருந்து விற்றவருக்கு அந்தக் கருவி சொல்லும் சேதி ஒன்றுதான். நூறு டிகிரிக்கு மேல் போனால் காய்ச்சல்; காய்ச்சல் கண்டதை மற்றவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. நாற்பத்து மூன்று நாவலும் நூறைத் தாண்டின. பிரசங்கத் தொகுதிகளையும் ஒப்புக்குப் படிக்கச் சொன்னார்கள். அவற்றின் அட்டையில் பனி பூத்தது. இவை பூரண சுகம் என்று செயலாளர் எழுதிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை பழைய பேப்பர்க்காரரை வரச்சொல்லி நாவல்கள் அத்தனையையும் எடைக்குப் போடுவது என்று தீர்மானம் ஆனது.

அக்கா அழவில்லை. “சூடுன்னா நோவுதான்னு யாருங்கையா சொன்னது? சாப்பாடு ஆறிப்போனா வீட்டுல சத்தம் போடுறீங்க. மனுஷன் உடம்பு சில்லுன்னு ஆனாத்தானே ஊரைக் கூப்பிடுறோம்?” என்று கேட்டார். போதகர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். தொழிலுக்கு நஷ்டம் வருமென்றால் சபையே ஒரு மின்சார இஸ்திரிப்பெட்டி வாங்கித் தரும் என்றார் செயலாளர். அக்காவுக்கு வந்ததே கோபம். “பெட்டியை நானே வாங்கிக்குவேன். அந்த டாக்டரும் டீச்சரும் கடைசியில சேருற எடத்தை நான் இனிமே எங்க போய்ப் படிப்பேன்? அதைச் சொல்லுங்க.” செயலாளர் தீர்மானப் புத்தகத்தை மூடிவைத்தார். இருந்த ஒரு வாரத்தில் நாற்பத்து மூன்றையும் கடைசியாக ஒருமுறை படித்துவிடுவது என்று அக்கா உட்கார்ந்தார். புதன்கிழமைக்குள் கடைச் சுவரில் சுண்ணாம்பு பொரிந்தது, எதிர்வீட்டுக்காரர்கள் சன்னலைச் சாத்தினார்கள், தெருவில் காயப்போட்ட துணி எல்லாம் பிழிந்த கையோடு உலர்ந்தது. துணி கொடுக்க வந்தவர்கள், துக்க வீட்டுக்கு வந்தவர்களைப்போல் வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை மதியம் பேப்பர்க்காரர் தராசோடு பின்னறைக்கு வந்தார். புத்தகங்கள் சணலால் கட்டி வைக்கப்பட்டிருந்தன. ஊரில் பாதிப்பேர் வாசலில். எள் போட்டால் கீழே விழாது. முதல் கட்டைத் தட்டில் வைக்கும்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு செயலாளரின் மனைவி உள்ளே வந்தார். கணவனைப் பார்க்கவில்லை. போதகரிடம், “ஐயா, எங்க கல்யாணப் பதிவு இருக்கிற ரிஜிஸ்டரை எடுங்க. எங்க பக்கத்தை அக்கா வாசிக்கட்டும். அதுவும் நூறைத் தாண்டுச்சுன்னா, அதையும் இதோட சேர்த்து எடைக்குப் போட்டுருங்க,” என்றார். செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. சூடானால் தன் தீர்மானப்படி தன் கல்யாணமே எடைக்குப் போகும். சூடாகாவிட்டால் ஊர் முன்னால் இருபத்திரண்டு வருடம் ஆறின கஞ்சியாகும். போதகர் பெரிய பதிவேட்டை எடுத்து விரித்தார்.

அந்தப் பக்கத்தில் படிக்க என்ன இருக்கிறது? தேதி, மணமகன் பெயர், வயது இருபத்தெட்டு, தொழில் மருந்துக்கடை. மணமகள் பெயர், வயது இருபத்து மூன்று, தொழில் அச்சுக் கோர்ப்பது. தகப்பன் பெயர்கள், சாட்சிகள் இருவர். அக்கா நாவல் படிக்கும் அதே குரலில், அதே மரியாதையோடு ஒவ்வொன்றாகப் படித்தார். செயலாளர் கை தெர்மாமீட்டரைச் செருகியது. பாதரசம் ஏறி ஓரிடத்தில் நின்றது. தொண்ணூற்றெட்டு. நல்ல ஆரோக்கியமான மனிதனுக்கு இருக்க வேண்டிய சூடு. செயலாளர் மூச்சு விட்டார். “தொண்ணூத்தெட்டா?” என்றார் அவர் மனைவி. “அவ்வளவுதானா?” கூட்டத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் தங்கள் தங்கள் கணவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இருங்கம்மா, இன்னும் முடியல. கையெழுத்து பாக்கி இருக்கு,” என்றார் அக்கா. கீழே மணமகனின் கையெழுத்து கோணல்மாணலாக இழுத்துக்கொண்டு போயிருந்தது; கடைசி எழுத்தின் மேல் மை கொட்டித் திட்டாக நின்றது. மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி பிசகாத மனிதரின் கையெழுத்து. அக்கா அதை எழுத்து எழுத்தாகப் படித்தார். மைத்திட்டையும் விட்டுவைக்காமல், ‘இந்த இடத்தில் மை கொட்டியிருக்கிறது’ என்று அதையும் சேர்த்துப் படித்தார். டிக் என்று ஒரு சத்தம். தெர்மாமீட்டர் நடுவில் விரிசல் விட்டு, பாதரசம் குட்டிக் குட்டி மணிகளாக மேசையில் ஓடியது. பதிவேட்டின் விளிம்பில் கை வைத்திருந்த போதகர் படக்கென்று இழுத்துக்கொண்டார். பக்கம் கருகவில்லை, மஞ்சளாகக்கூட ஆகவில்லை.

“அன்னிக்குப் பேனா சரியில்லைன்னுதானே சொன்னீங்க?” என்று மனைவி கேட்டார்.

“பேனா நல்ல பேனாதான்,” என்றார் செயலாளர். “கைதான் நடுங்குச்சு. நீ வரமாட்டேன்னு கடைசி நிமிஷம் வரைக்கும் நெனச்சிட்டிருந்தேன்.”

“இதை வாயால சொல்றதுக்கு இருபத்திரண்டு வருஷமா?”

“சொல்லத் தெரியலம்மா.”

“தெரியலைன்னா படிச்சுத் தெரிஞ்சுக்குங்க.” தட்டில் இருந்த கட்டை அந்த அம்மாவே அவிழ்த்து, மேலே இருந்த நாவலை எடுத்துக் கணவன் கையில் வைத்தார். செயலாளர் பேப்பர்க்காரரைப் போகச் சொன்னார். கூப்பிட்ட மனிதரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று பிரசங்கத் தொகுதிகள் நான்கைத் தராசில் ஏற்றினார்கள். போதகர் கண்டும் காணாதவர்போல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைப்படத்தான் சொல்கிறோம்: காய்ச்சலுக்கும் காதலுக்கும் வித்தியாசம் என்ன என்று கருவி வைத்துப் பார்த்து, தப்பை ஒப்புக்கொண்டு, தீர்மானப் புத்தகத்தில் அடித்துத் திருத்திய சபை எங்களுடையது மட்டும்தான்.

அன்று சாயங்காலமே ஊரில் பாதிக் கணவன்மார் போதகர் வீட்டுக்குப் போய், தங்கள் பக்கத்தை அக்கா கண்ணில் காட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பதிவேடு பூட்டி வைக்கப்பட்டது. நாவல்களும் அவற்றின் அலமாரியும் இஸ்திரிக் கடைக்கே இடம் மாறின. வெளியூரிலிருந்து அனுப்பியவை, வாங்கியவை என்று நாற்பத்து மூன்று இருநூறு ஆனது. நாலாம் வருடம் அக்காவைக் கமிட்டியில் சேர்த்தார்கள். அவர் கொண்டுவந்த முதல் தீர்மானம், எங்கள் சபையில் பெண் எடுக்க வருகிறவன் ஆலயத்தில் கல்யாண அறிவிப்பு வாசிப்பதற்கு முன் மூன்று நாவல் படித்திருக்க வேண்டும் என்பது. ஒரு மாப்பிள்ளை, தான் இஞ்சினியர் என்றும் கதை படிக்க நேரமில்லை என்றும் வாதாடினான். “நேரமில்லாதவனுக்குப் பொண்ணு எதுக்குப்பா?” என்று செயலாளரே அவனை உட்காரவைத்தார். மூன்றாவது நாவலின் நடுவில் அவன் மூக்கை உறிஞ்சியதைக் கடையில் இருந்த எல்லாரும் கேட்டோம். கேட்காததுபோல் துணி மடித்தோம்.

செயலாளர் தினமும் மருந்துக்கடையை மதியம் மூடிவிட்டு, இஸ்திரிக் கடைப் பலகையில் வந்து உட்கார்ந்து படித்தார். ஒரு பாராவைக்கூடத் தாண்டமாட்டார். அவர் கையில் புத்தகம் புத்தகமாகவே இருந்தது, ஒரு கைக்குட்டைக்குக்கூட ஆகாது. ஆறு வருடம் அப்படியே போனது. ஏழாம் வருடம் ஒரு சனிக்கிழமை, நூற்றுப் பன்னிரண்டாவது நாவலில், அவர் திடீரென்று எழுந்து உள்ளங்கையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மனைவியின் ஞாயிற்றுக்கிழமை உடுப்பைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். அக்கா ஒதுங்கி இடம் விட்டார். ஒரு சட்டைகூடத் தேய்த்துப் பழக்கமில்லாத மனிதர், ஒன்றரை மணி நேரம், நாலு பக்கம் படிப்பதும் ஒரு கை அகலம் தேய்ப்பதுமாக அந்த உடுப்பை முடித்தார். அழைத்துப் போக வந்த மனைவி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார். தோளருகே ஒரு மடிப்பு நன்றாகவே கோணியிருந்தது. “குடுங்கம்மா, ஒரு நிமிஷத்துல நேராக்கித் தர்றேன்,” என்றார் அக்கா.

“கை வைக்காதீங்க அக்கா,” என்றார் அந்த அம்மா. மறுநாள் அதை உடுத்திக்கொண்டு, ஆலயத்தின் நடுவழியாக, எல்லாரும் பார்க்க, எப்போதையும்விட மெதுவாக நடந்து போனார்.