குளவி கட்டிய வீடு

மாசி பிறந்த கையோடு குருவம்மாள் வீட்டில் ஒரு குளவி குடிவந்தது. வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது. வந்த அன்றைக்கே வீட்டுக்காரியைத் தன் சொல்படி ஆட்டிவைத்தது. முன்னறை ஜன்னலுக்கு மேலே, டியூப்லைட்டை ஒட்டி, சுண்டைக்காய் அளவில் ஒரு மண்சட்டி. அதைக் கண்ட நிமிஷத்திலிருந்து குருவம்மாள் அந்தப் பக்கம் துடைப்பத்தைக் கொண்டுபோக விடவில்லை. ஃபேனைப் போட விடவில்லை. குளவி வந்துபோகத் தோதாக ஜன்னல் ராத்திரியும் திறந்தே கிடந்தது. மாசிப்பனி மச்சையும் துளைக்கும் என்பார்கள். தென்காசிப் பக்கத்து மேலகரத்தில் அது குருவம்மாளின் நெஞ்சைத் துளைத்தது. விடிய விடிய இருமினாளே தவிர, ஜன்னலைச் சாத்தச் சம்மதிக்கவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். குளவி கூடு கட்டிய வீட்டில் பிள்ளை பிறக்கும். அந்த வீட்டில் பிள்ளை பெற வேண்டியவள் ஒருத்திதான், மருமகள் இசக்கிச்செல்வி. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். திருநெல்வேலி, மதுரை என்று போகாத ஆஸ்பத்திரி இல்லை, போடாத ஊசி இல்லை. இனி உடம்பு தாங்காது என்று அவளும் புருஷன் மாரிராஜும் தத்தெடுக்கப் பதிந்துவைத்து மூன்று வருஷமாகிறது. அப்போது குருவம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. “வரும்போது பாத்துக்கிடலாம்” என்று எழுந்து புறவாசலுக்குப் போய்விட்டாள்.

காத்திருக்கிறவளுக்குப் பொழுது போக வேண்டுமே. இசக்கிச்செல்வி வீட்டைச் சுற்றி என்ன வருகிறது, என்ன போகிறது என்று பார்க்கப் பழகினாள். இந்த மாதத்துக் காலைகளில் மேற்கே மலையே இருக்காது. பனி மொத்தமாக விழுங்கியிருக்கும். வெயில் ஏற ஏறக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பித் தரும். ஐப்பசியில் வெள்ளையாகக் கொட்டிய அருவி இப்போது பாறைமேல் வெறும் ஈரக்கோடு. முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு வரும். குழாயடி ஈரத்தில் வாலாட்டிக் குருவி நடை பழகும். வெயில் கடுத்தால் அதுவும் வடக்கே கிளம்பிவிடும், லீவு முடிந்த துபாய்க்காரர்களைப் போல. வேம்பு பழுத்த இலையைப் பாதி உதிர்த்திருந்தது. நுனியில் செம்புநிறத் தளிர் தெரிந்தது. இதையெல்லாம் பார்க்கும்போது அவளுக்கு மனசு கொஞ்சம் இலேசாகும்.

குளவியின்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. குழாயடிச் சேற்றை உருட்டி எடுத்துவந்து, விளிம்பு விளிம்பாக வளைத்து, கடைசியில் கழுத்து வைக்கும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கோபமெல்லாம் மாமியார்மேல்தான். பால் வாங்க வந்தவளிடம், கீரைக்காரியிடம், போகிறவர் வருகிறவரிடமெல்லாம் குளவிக் கதை. அவர்கள் பார்வை நேராக இசக்கிச்செல்வியின் வயிற்றுக்குப் போகும். குழி தோண்டிப் புதைத்த ஆசையை இப்படித் தோண்டி எடுத்து நடுவீட்டில் போட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மாசித் திருவிழா சமயத்தில், தத்தெடுக்கப் பதிந்துவைத்த இடத்திலிருந்து போன் வந்தது. ஒரு பெண் குழந்தை. ஒன்றேகால் வயது. போட்டோ அனுப்பியிருக்கிறோம், பார்த்துவிட்டு நாளை சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள் என்றார்கள். மொட்டைத்தலையில் புதுமுடி முளைத்த ஒரு முகம், யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட இசக்கிச்செல்வி கவனிக்கவில்லை.

மாரிராஜ் போலீஸ்காரன். தென்காசிக் கோயில் பந்தோபஸ்தில் நின்றுகொண்டே போட்டோவைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டான்.

“செல்வி, எனக்கு யோசிக்கதுக்கு ஒண்ணுமில்ல. ஒனக்கு?”

“எனக்கும் இல்ல. அத்தை?”

கோயில் கொட்டுச்சத்தத்துக்கு நடுவே, “நீயே ஒரு வார்த்தை கேளு” என்றான். ஊரையே லத்தியால் ஒதுக்குகிறவனுக்கு அம்மாவிடம் வாய் திறக்கப் பயம்.

கேட்பதென்றால் ஒப்புக்குக் கேட்பதில்லை. இந்த வீட்டில் பகலெல்லாம் இருக்கப்போகிறவர்கள் மாமியாரும் குழந்தையும்தான். இசக்கிச்செல்வி ஆலங்குளத்தில் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விடுவாள். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு சோறு போடும் கையில் ஒரு பிள்ளையை விட்டுப் போக முடியாது. குருவம்மாள் மனசு ஒப்பாவிட்டால் வேண்டாம் என்றே சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டாள். தீர்மானித்த மறுநொடியே போட்டோவை இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தாள்.

குருவம்மாள் குளவிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டாள். போட்டோவைப் பார்க்கக் கை நீட்டவில்லை.

“குளவி கட்டிக்கிட்டு இருக்கப்போ என்னத்துக்குட்டி அவசரம்? இன்னும் ஒரு வருசம் பாப்பமே.”

“பதினோரு வருசம் பாத்தாச்சு அத்தை.”

“இது தானா வந்து கட்டுது. சும்மா வராது.”

இசக்கிச்செல்விக்கு வந்த கோபத்தில் மூலையிலிருந்த ஒட்டடைக்கம்பைக் கையில் எடுத்துவிட்டாள். ஒரே தட்டு, சகுனம் கீழே விழுந்துவிடும். அந்த நேரம் பார்த்துக் குளவி ஜன்னல் வழியே உள்ளே வந்தது. காலிடுக்கில் ஒரு பச்சைப்புழு, அதன் உடம்பைவிட நீளம். தடுமாறிப் போய்ச் சட்டியின் கழுத்தில் உட்கார்ந்தது. புழுவைத் தலைவழியே நுழைத்து, தள்ளித் தள்ளி உள்ளே இறக்கிவிட்டு மறுபடி பறந்தது. கம்பு கையில் இருந்தபடியே இருந்தது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குருவம்மாள்தான் முதலில் மெதுவாகச் சொன்னாள்:

“கொட்டக் கொட்டப் புழுவும் குளவி ஆகும்னு சொல்லுவாவ. எங்கயோ கிடந்த புழு. அதக் கொண்டாந்து தம் பிள்ளையா ஆக்கிருது பாத்தியா.”

இசக்கிச்செல்வி திரும்பிப் பார்த்தாள். கதவு தானாகத் திறக்கிறது. ஆமா அத்தை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரியம் முடிந்தது. ஆனால் போன வருஷம் மோட்டார் ரூமில் உடைந்து கிடந்த கூட்டை அவள் பார்த்திருக்கிறாள். பாதி தின்ற புழுவும், அதைத் தின்றுகொண்டிருந்த குளவிக்குஞ்சும் உள்ளே இருந்தன. பொய்யான ஒன்றின்மேல் அந்தக் குழந்தையைக் கொண்டுவந்து உட்கார வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“இல்ல அத்தை. அந்தப் புழு குளவி ஆகாது. உள்ள முட்டை இருக்கு. அது பொரிச்சு இந்தப் புழுவத்தான் தின்னும். அதுக்கு இரைதான் இது.”

கைக்கு வந்ததை நாமே கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்தாள்.

குருவம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏட்டி, அது எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இந்த வீட்டுல ஒட்டடை அடிக்கேன். எத்தன கூட்டத் தட்டியிருப்பேன், உள்ள என்ன கிடக்கும்னு பாக்காமயா இருந்தேன்? ஏறுன மரத்துல இருந்து இறங்கதுக்கு எனக்கும் ஒரு ஏணி வேணும்லா. நானே ஒண்ணச் சாத்துனா, படிச்சவ வந்து அதையும் உருவுத.”

இசக்கிச்செல்வி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். இரண்டும் சேர்ந்தே வந்தன.

“அழாத. எம் பயம் எனக்கு. நம்ம ரத்தமா, என்ன ஏதுன்னு… கிழடு தட்டுனா பயந்தான் முன்னால வருது.” குருவம்மாள் சேலைத்தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “போனக் கொண்டா.”

போட்டோவை எட்டப் பிடித்துப் பார்த்தாள், கிட்டப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள். முகத்தையோ நிறத்தையோ பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“காது மூளியாக் கிடக்கே. ஒன்னேகால் வயசுக்கு இன்னும் குத்தலயா?”

“அங்க யாரு அத்தை குத்துவா?”

“சரின்னு சொல்லிரு அவங்ககிட்ட. சொல்லிட்டு ஒந் தம்பிக்குப் போன் போடு.”

தம்பி குமரகுரு பட்டாளத்தில் இருக்கிறான், எங்கோ வடக்கே.

“அவன் எதுக்கு அத்தை?”

“தாய்மாமன் மடியில உக்காத்தி வச்சுல்லா காது குத்தணும்? பட்டாளத்துல நெனச்ச நேரம் லீவு தருவானா? இப்பமே சொல்லி வச்சாத்தான் உண்டு.”

இசக்கிச்செல்வி ஒட்டடைக்கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, குழந்தையைப் பற்றிச் சொன்னவர்களைக் கூப்பிட்டுச் சரி என்று சொன்னாள். குரல் சரியாக வராததால் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் தம்பியைக் கூப்பிட்டாள்.

“என்னக்கா, குரல் ஒரு மாதிரியா இருக்கு? அழுதியா?”

“இல்லடா. ஒனக்கு எப்பம் லீவு கிடைக்கும்?”

“எதுக்குக்கா?”

“எம் மகளுக்குக் காது குத்தணும்.”